என் தம்பி வேட்பாளரான வாரம்

என் தம்பி மிகியோ ஒருமுறை தபால் நிலைய வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடாமல் போயிருந்தான், அவ்வளவுதான். ஆனால் ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவன் விரல்களைப் பார்த்தார்கள். பத்து நகமும் நீலம். உடனே மூக்கில் ஆக்ஸிஜனை வைத்து, சைரன் போட்டுக்கொண்டு பறந்தார்கள். பாதி வழியில் கண் விழித்தவன், தான் ஒரு சாயக்காரன் என்று சொல்ல முயன்றிருக்கிறான். "பேசாதீங்க, மூச்ச மட்டும் விடுங்க" என்றார்களாம். சொன்னால் கேட்கிறவன் அவன். ஆஸ்பத்திரி வரை பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டே போனான். டாக்டர் சட்டைக் கையை மடித்து, நீலம் முழங்கையோடு நின்றுவிட்டதைப் பார்த்த பிறகுதான் குழாயைக் கழற்றினார்கள்.

அவனுக்கு வந்த தொல்லைகள் எல்லாவற்றையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று கையால் வரும், இல்லையென்றால் வாயால் வரும். கை எப்போதும் நீலம். வாய் எப்போதும் மூடியிருக்கும்.

நான் தோகியே, அவனுக்கு ஆறு வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். யோஷினோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர் கடைத்தெருவில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வெளுக்கப் போட்ட சட்டைகளில் மஞ்சள் காலரோடு திரும்பிப் போனது ஒன்றுகூட இல்லை. கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் தம்பியின் சாயச் சாடிகள் நான்கு, தரையில் கழுத்துவரை புதைந்து நிற்கின்றன. முன்னால் வெளுப்பு, பின்னால் நீலம். ஒரு குடும்பமே துணியோடு சண்டை போடுகிறது என்று ஊரில் கிண்டல் செய்வார்கள்.

அவுரிச் சாடி சாதாரணப் பாத்திரம் அல்ல. மக்க வைத்த அவுரி இலையையும் சாம்பல் நீரையும் ஊற்றி வைத்தால் அது உயிர் பிடித்துக்கொள்ளும். பிறகு தவிடு கேட்கும், சாக்கே மது கேட்கும், குளிர் பட்டால் படுத்துக்கொள்ளும். மிகியோ தினமும் காலையில் மூடியைத் திறந்து ஒவ்வொரு சாடிக்கும் வணக்கம் சொல்வான். சலவைக்கு வருகிறவர்களுக்கு அது கேட்கும்.

"உங்க தம்பி யாரோட பேசிக்கிட்டிருக்காரு?"

"சாடியோட."

"பதில் சொல்லுதா?"

"சொல்லலேன்னா தவிடு போடுவான்."

முதலில் அவன் கிமோனோத் துணிக்குத்தான் சாயம் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் இஸ்திரி மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "உடுத்தற துணிய யாரும் உத்துப் பாக்கறதில்லக்கா. ஜன்னல்ல தொங்கறத நாள் பூரா பாக்கறாங்க" என்றான். அந்த வருடம் அவன் பேசியதில் அதுதான் நீளமானது. அன்றிலிருந்து ஜன்னல் திரை, மெத்தை உறை, விளக்குக் கூண்டு, சோபாவின் முதுகில் போடும் துணி என்று வீட்டுக்குள் இறங்கிவிட்டான். அரிசிப் பசையை அச்சில் தடவி, அந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும்படி செய்வான். மற்றவர்கள் அலையும் கொக்கும் போடுவார்கள். இவன் வெங்காயத்தாள் போடுவான், துணி காயப்போடும் கிளிப்பு போடுவான், வரிசையாகக் கருவாடு போடுவான். வெயில் பின்னாலிருந்து பட்டால் அந்தக் கருவாடு ஒவ்வொன்றும் நீந்துவதுபோல் இருக்கும். இதை நான் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் யாரும் வாங்கவில்லை. பாராட்டினார்கள், தொட்டுப் பார்த்தார்கள், அட்டைப் பெட்டியில் வந்த பழுப்புத் திரையையே மாட்டிக்கொண்டார்கள்.

அவன் மனைவி வகானாவின் அண்ணன் பக்கத்து ஊரில் கான்கிரீட் லாரிகள் ஓட்டும் கம்பெனி வைத்திருக்கிறார். நல்ல மனிதர், குரல்தான் கொஞ்சம் பெரிது. "மாப்பிள்ளைக்கு ஒரு லாரி ஒதுக்கி வெச்சிருக்கேன். உக்காந்து ஓட்டற வேலை. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லச் சொல்லு" என்று சொல்லியிருந்தார். வகானா தம்பியை நச்சரிக்கவில்லை. "ஒரே ஒரு பெரிய வீட்டுல உங்க துணி தொங்கட்டும். அதுக்கப்புறம் யாரு என்ன சொன்னாலும் நான் உங்க பக்கம். தொங்கலேன்னா லாரி" என்றாள். நியாயமான பேச்சு. லாரி ஓட்டப் போனால் சாடிகளுக்கு யார் தவிடு போடுவது என்று மிகியோ கேட்கவில்லை. சாடி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் பெரிய வீடு தானாகவே வந்தது. மேற்குத் தெரு முனையில் இனுபுஷி குடும்பம் புது வீடு கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், பன்னிரண்டு ஜன்னல். வீட்டுக்காரர் இனுபுஷி, மரியாதையாக இனுபுஷி சான், காஸ் சிலிண்டர் வியாபாரி, ஊர் சபையில் உறுப்பினர். அவர் மனைவி சனாயே என் கடையில் கிடந்த கருவாட்டு மெத்தை உறையைப் பார்த்துவிட்டு மிகியோவை வரச் சொன்னார். அவன் போய்ப் பன்னிரண்டு ஜன்னலையும் அளந்தான். அளக்கும்போது அந்த அம்மாளின் கண் ஜன்னலில் இல்லை, அவன் கையில் இருந்தது.

"தம்பி, சுவத்தத் தொடாதீங்க."

"இது ஒட்டாதும்மா."

"ஒட்டாதுதான். ஆனா பாத்தா ஒட்டற மாதிரி இருக்கே." பிறகு அவர் நிபந்தனையைச் சொன்னார். "துணி அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தெருவுல யாருமே இப்படி மாட்டலியே. நாங்க மட்டும் மாட்டினா ஒரு மாதிரி தெரியும். ஒரு பத்து வீட்டுல தொங்கட்டும், நானும் பன்னெண்டு ஜன்னலுக்கும் மாட்டிக்கறேன்."

தம்பி வந்து சொன்னதும் நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "பத்து வீடுதான? நீயே போ. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு திரைய மாட்டிப் பாக்கச் சொல்லு. பிடிச்சா வெச்சுக்கட்டும்."

"என்ன பேசறது?"

"ஒண்ணும் பேச வேணாம். பேரச் சொல்லு. 'உங்க ஆதரவு வேணும்'னு சொல்லு. நல்லா குனிஞ்சு கும்பிடு. மிச்சத்தத் துணி பேசிக்கும்."

கைக்கு நான் வழி செய்தேன். வெள்ளைப் பருத்திக் கையுறைகளை வெளுத்து, கஞ்சி போட்டு, விரல் விரலாக இஸ்திரி செய்து கொடுத்தேன். வகானா அவனுடைய கல்யாணக் கோட்டை எடுத்துத் தட்டினாள். ஏணியையும் திரைகளையும் இரண்டு கையிலும் பிடிக்க வேண்டும் என்பதால், வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை சாயம் காட்டும் மாதிரித் துணிப் பட்டையைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டான். பார்க்க நன்றாக இருந்தான். கோட்டு, வெள்ளைக் கையுறை, மார்பில் பட்டை.

அது ஊர் சபைத் தேர்தல் வாரம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளைக் கையுறையும் மார்பில் பட்டையுமாக வேட்பாளர்கள் வேனிலிருந்து கையாட்டிக்கொண்டு போவார்கள், ஒலிபெருக்கிச் சத்தத்தில் என் கடைக் கண்ணாடி அதிரும். ஆனால் என் தம்பியையும் தேர்தலையும் ஒன்றாகச் சேர்த்து நினைக்க யாருக்குத் தோன்றும்?

மேற்குத் தெருவுக்குத் தோன்றியது.

முதல் வீடு கினு அம்மாள் வீடு. தனியாக இருப்பவர், டிவியும் தானுமாக. கதவைத் திறந்தவர் கையுறையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். மிகியோ இடுப்புவரை குனிந்தான்.

"நான் மிகியோ. உங்க ஆதரவு வேணும்."

"நீயுமா?"

"ஆமா."

"வாயத் தொறக்காத ஆளு நீ. அங்க போயி என்னத்தப் பேசுவ?"

"பேச வேண்டாம். ஜன்னலக் காட்டினா போதும்."

கினு அம்மாள் பிற்பாடு தெரு முழுக்கச் சொன்னது இது: "எத்தனையோ வேட்பாளரப் பாத்தாச்சு. இவன மாதிரி ஒருத்தன் இல்ல. ஒரு வாக்குறுதி குடுக்கல. பாலம் கட்டறேன்னு சொல்லல. நேரா ஜன்னல்கிட்ட போனான், அளந்தான், ஒரு திரைய மாட்டினான், கும்பிட்டான், போயிட்டான்."

எங்கள் நாட்டில் வேட்பாளர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது. வாக்காளருக்கு ஒரு துவாலைகூடக் கொடுக்கக் கூடாது. இரண்டும் குற்றம். மிகியோ பட்டப்பகலில், ஏணியோடு, இரண்டையும் செய்துகொண்டிருந்தான். தெருக்காரர்கள் இதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒன்று இவன் ஒன்றும் தெரியாதவன், இல்லையென்றால் பின்னால் யாரோ பெரிய ஆள் இருக்கிறார். தெரு முனையில் வேட்பாளர்களின் போஸ்டர் ஒட்டும் பலகையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதுவும் பொருந்திப் போயிற்று. "போஸ்டர் ஒட்ட மறந்திருப்பான். மிகியோதான" என்றார் முடிதிருத்துகிற கஜி.

யாரும் மறுக்கவில்லை. வாசலில் குனிந்து நிற்கிறவரை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊர்க்காரர்களுக்கு வராது. கடைக்கு வந்தவர்கள் என்னிடமும் புதிதாக ஒரு மரியாதையோடு பேசினார்கள்.

"தம்பி தைரியமா எறங்கிட்டாரு போல."

"ஆமா, இப்பவாவது எறங்கினானே" என்றேன்.

"நீங்கதான் பின்னால இருந்து எல்லாத்தையும் பாக்கறீங்களாமே."

"நான் இல்லாம யாரு பாப்பா?" என்றேன்.

பத்தாவது வீடு கஜியின் கடை. மிகியோ ஏணியின் உச்சியில் நின்று கிளிப்புத் திரையை மாட்டிக்கொண்டிருந்தபோது, இந்த முறையும் சபைக்கு நின்ற இனுபுஷி சானின் வேன் பிரச்சாரம் முடிந்து தெருவுக்குள் திரும்பியது. அவருடைய பிரச்சார நிறம் ஆரஞ்சு. பதினோரு இடத்துக்குப் பன்னிரண்டு பேர் நின்றார்கள், ஒருவர் தோற்றே ஆக வேண்டும். மனிதர் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. தன் சொந்தத் தெருவில் வரிசையாகப் பத்து ஜன்னலில் நீலம் தொங்குவதைப் பார்த்தார். ஒலிபெருக்கி இன்னும் கையில் இருந்ததை மறந்துவிட்டார்.

"யாருடா அது, என் தெருவுலயே" என்ற கேள்வி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. என் கடையில் நன்றாகவே கேட்டது. நான் இஸ்திரியை அணைத்துவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது தேர்தல் அலுவலகத்து பாண்டோ சானும் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்குக் காலையிலிருந்தே போன் மேல் போன் போயிருந்தது. மெலிந்த மனிதர், எதையும் மெதுவாகக் கேட்பவர்.

"மிகியோ சான், நீங்க தேர்தல்ல நிக்கறீங்களா?"

மிகியோ ஏணியிலிருந்தே பார்த்தான். "இல்ல."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றார் இனுபுஷி சான். "நானே சொல்லியிருக்கேன்."

"எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்ல."

"கேட்டீங்களா. அதே வார்த்தை."

பாண்டோ சான் தொண்டையைச் செருமினார். "மனுத் தாக்கல் முடிஞ்சுபோச்சு, இவரு நிக்கவும் முடியாது. ஆனா கையுறை போட்டிருக்காரு, பட்டை போட்டிருக்காரு, வீடு வீடாப் போயி ஆதரவு கேட்டிருக்காரு. அப்ப யாருக்காக இந்த வேலையெல்லாம்?"

மிகியோ உண்மையைச் சொல்கிறவன். "இனுபுஷி அம்மாவுக்காக" என்றான்.

கஜியின் கையில் கத்தரி அப்படியே நின்றது. நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவரும் திரும்பிப் பார்த்தார். சனாயே அம்மாள் வாசலில்தான் நின்றிருந்தார். இனுபுஷி சான் மனைவியைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"எனக்கு எதிராவா?" என்றார் மெதுவாக.

"ஜன்னலுக்குங்க" என்றார் அந்த அம்மாள். "பத்து வீட்டுல தொங்கினா நாமளும் மாட்டலாம்னு நான்தான் சொன்னேன். இவரு சாயக்காரரு."

"சாயக்காரருக்கு எதுக்கு வெள்ளைக் கையுறை?" என்று பாண்டோ சான் கேட்டார்.

மிகியோ ஏணியிலிருந்து இறங்கி, இரண்டு கையுறையையும் விரல் விரலாகக் கழற்றினான். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. பாண்டோ சான் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வலிக்குமா?" என்று கேட்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பாண்டோ சான் நிதானமாக யோசிப்பவர், யோசனையைப் பாதியில் விடமாட்டார். "சிக்கல் இவருக்கு இல்ல" என்றார். "வேட்பாளரோட மனைவி சொல்லி, வேட்பாளரோட தெருவுல, பிரச்சார வாரத்துல, பத்து வீட்டுக்கு இலவசமாத் துணி போயிருக்கு. இத யாராவது எழுதிப் போட்டா..." அதற்கு மேல் சொல்லாமல் இனுபுஷி சானைப் பார்த்தார். இனுபுஷி சானின் முகம் புது வீட்டுச் சுவர் போல ஆகிவிட்டது.

"எல்லாத்தையும் இப்பவே கழட்டுங்க" என்றார்.

மிகியோ ஏணியை எடுத்தான். அவன் தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, மனதுக்குள் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மாதக் கடைசிக்கு நாள் அதிகம் இல்லை. இனி பத்து வீடும் இல்லை, பெரிய வீடும் இல்லை.

நாங்கள் மூவருமாகப் போனோம். ஏணியோடு தம்பி, துணியை மடிக்க நான், சாட்சிக்கு பாண்டோ சான். இனுபுஷி சான் வீட்டுக்குள் வர முடியாது, வந்தால் அது கதவைத் தட்டியதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு வாசலுக்கு வெளியேயும் தெருவில் நின்று கும்பிட்டுக்கொண்டே கூட வந்தார்.

கினு அம்மாள் ஜன்னலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "கழட்ட விடமாட்டேன்."

"இலவசமா வாங்கக் கூடாதும்மா" என்றார் பாண்டோ சான்.

"இலவசம்னு யாரு சொன்னா? மத்தியான வெயில் நேரா டிவில அடிக்கும். நாடகத்துல யாரு அழுவுறா யாரு சிரிக்கிறான்னே தெரியாது. இப்பத்தான் எனக்கு மூஞ்சி தெரியுது. என்ன விலைப்பா?"

மிகியோ என்னைப் பார்த்தான். அவனுக்கு விலை தெரியாது. நான் சொன்னேன். கினு அம்மாள் அலமாரியிலிருந்து பணத்தை எடுத்து, பாண்டோ சானின் கண்ணெதிரே மிகியோவின் நீலக் கையில் வைத்தார். "சாட்சி பாத்துக்கிட்டீங்களா? இப்ப இது வியாபாரம். போயிட்டு வாங்க, நாடகம் ஆரம்பிச்சிருச்சு."

அடுத்த வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்தார். கழற்றியதும் பக்கத்து வீட்டின் ஏசி பெட்டியும் அதற்கு மேல் காயும் உள்ளாடைகளும் தெரிந்தன. நாங்கள் வாசல் தாண்டுவதற்குள் திரும்பக் கூப்பிட்டார். மீன் கடைக்காரர் மட்டும் உறுதியாகத் திருப்பிக் கொடுத்தார். நாள் முழுக்கக் கருவாட்டோடு இருந்துவிட்டு வீட்டில் வந்தும் கருவாட்டைப் பார்க்க முடியவில்லை என்றார், அதுவும் நியாயம்தான். ஒரு வீட்டில் வெங்காயத்தாள் வேண்டாம், கிளிப்பு வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். முடிவில் மீன் கடைக்காரர் வீடு தவிர எல்லா ஜன்னலிலும் நீலம் அப்படியே தொங்கியது. பாண்டோ சான் சைக்கிளில் ஏறும் முன் என்னிடம், "குளியலறைக்கு ஏத்த மாதிரி சின்னதா ஏதாவது இருக்கா? தேர்தல் முடிஞ்சப்புறம் வரேன்" என்றார்.

தேர்தலில் இனுபுஷி சான் கடைசி இடத்தில் ஜெயித்தார். எங்கள் ஊரில் வாக்காளர் வேட்பாளரின் பெயரைக் கையால் எழுதித்தான் பெட்டியில் போட வேண்டும். செல்லாத ஓட்டில் சிலவற்றில் மிகியோ என்று எழுதியிருந்ததாக ஒரு பேச்சு. பாண்டோ சானிடம் கேட்டால் வானத்தைப் பார்க்கிறார். கினு அம்மாள் மறைக்கவில்லை. "நான் போட்டேன். பேசாத ஒருத்தன் சபைல இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்" என்றார்.

தேர்தல் முடிந்த பிறகு சனாயே அம்மாள் கடைக்கு வந்தார். வகானாவும் இருந்தாள். மிகியோ கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். எல்லோருக்கும் தெரியும், இதுதான் கடைசி வார்த்தை.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். "ஒண்ணு கொறஞ்சாலும் நான் சொன்ன மாதிரியே வீட்டுக்கு வீடு தொங்குது. அதான் யோசனையா இருக்கு. எல்லார் வீட்டுலயும் இருக்கறதையே நாங்களும் மாட்டினா என்ன இருக்கு? புது வீடு வேற."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் சண்டையாகியிருக்கும். அதற்குள் மிகியோ பேசினான்.

"உங்க வீடு தெருவுல இருக்கற வீடு மாதிரி இல்லம்மா. நாலு பக்கமும் ஜன்னல். வெளிச்சம் சுத்தி வருது. காலைல சமையல்கட்டு ஜன்னல்ல மொதல்ல விழும். அங்க லேசான நீலம் போதும், சாடிக்குள்ள சும்மா எட்டிப் பாத்துட்டு வந்த மாதிரின்னு சாயக்காரங்க சொல்ற நெறம். அடுத்தது மாடிப்படி. அதுக்கு ரெண்டு முக்கு கூட. அப்படியே ஒவ்வொரு ஜன்னலா ஏத்திக்கிட்டே போனா, மத்தியானம் கூடத்துக்கு வரும்போது ஆத்துத் தண்ணி நெறம். சாயங்காலம் ஐயா உக்காருற மேற்கு ஜன்னல்ல நேரா வெயில் வரும். அதுக்கு முப்பது தடவை முக்கணும், கறுப்புன்னு நெனைக்கற அளவுக்கு. வெயில் பட்டாத்தான் அது நீலம்னு தெரியும்." மூச்சு வாங்கினான். "பன்னெண்டு ஜன்னல். பன்னெண்டு நெறம். அளவெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு."

வகானா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று கூட அவன் இவ்வளவு பேசவில்லை.

"ரெண்டு ஜன்னல் ஒரே மாதிரி இருக்காதா?" என்று சனாயே அம்மாள் கேட்டார்.

"இருக்காது."

"தெருவுல யார் வீட்டுலயும்?"

"இருக்காது. அதே சாடில நாளைக்கு அதே நெறம் எனக்கே வராது."

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்காரரு நீலம்னாலே பதறுறாரு. சமையல்கட்டுலேர்ந்து ஆரம்பிங்க. அவரு அங்க வரமாட்டாரு. மேற்கு ஜன்னல் வரும்போது பழகியிருப்பாரு." வாசல் வரை போனவர் திரும்பினார். "மாட்ட வரும்போது கையுறை மட்டும் வேணாம். மறுபடியும் தெருவுல பேச்சாயிரும்."

மிகியோ அவர் போகும்வரை குனிந்தே நின்றான். பிறகு போனை எடுத்தான். நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவனே எடுத்தான்.

"மச்சான், நான் மிகியோ. லாரிக்கு நான் வரல." போனைப் பார்த்துக் கும்பிட்டான். அந்தப் பக்கம் பெரிய குரலில் என்னவோ வந்தது. "ஆமா. பன்னெண்டு ஜன்னல்." இன்னொரு கும்பிடு. "இல்ல மச்சான், தேர்தல்ல நிக்கல. அது வேற." வெகுநேரம் கேட்டுவிட்டு, எங்களுக்குக் கேட்காதபடி ஏதோ சொன்னான். பிறகு வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

"அவங்க ஆபீஸ்ல மூணு பெரிய ஜன்னல் இருக்காம். சிமெண்டுத் தூசி படியாத நெறமாப் பாத்து மாட்டித் தரச் சொல்றாரு. மாசக் கடைசிக்குள்ள வேணுமாம்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் வகானா.

"முடியாதுன்னு சொல்லிட்டேன். வரிசைல வரச் சொன்னேன். பாண்டோ சானோட குளியலறைக்கு அப்புறம்."

வகானா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணா, நான்தான் பேசறேன். அவரு சொன்ன வரிசைதான்" என்று ஆரம்பித்தாள்.